மீன் வேகும் வரை

ஈராக்கிலிருந்து என் கணவர் திரும்பி வந்த பிறகு எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி ஓரிடத்தில் நின்றதில்லை. காலையில் அதை வாசலில் போட்டு உட்காருவார். டீ ஆறுவதற்குள் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போவார். அங்கிருந்து எழுந்து மோட்டார் கொட்டகைக்கு நடப்பார். முந்தின நாள்தான் தண்ணீர் பாய்ந்த நிலத்துக்கு மறுபடியும் மோட்டாரைப் போட்டுவிட்டு வருவார். பஸ்ரா பக்கத்தில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் பல வருஷம் பைப் ஃபிட்டராக இருந்தவர். லீவில் வந்த நாட்களில் இப்படி இருந்ததில்லை. அப்போதெல்லாம் திரும்பிப் போகும் தேதி ஒன்று இருக்கும். இந்தத் தடவை வேலை முடிந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் கிராம சுகாதார நர்ஸ். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஸ்கூட்டியில் போய்த் தடுப்பூசி போடுவதும் கர்ப்பிணிகளைப் பார்ப்பதும் என் வேலை. மகள் காஞ்சிபுரத்தில் கல்லூரி விடுதியில் இருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தனியாக இருந்தே பழகிவிட்டவள் நான். பக்கத்தில் ஒரு ஆள் உட்காருவதும் எழுவதுமாக இருந்ததில் அந்தப் படபடப்பு எனக்கும் ஒட்டிக்கொண்டது. குக்கர் விசில் அடித்தால்கூடத் திடுக்கிட்டேன்.

இதற்கு நடுவில் சென்னையிலிருந்து ஒரு ஏஜெண்ட் அடிக்கடி போன் செய்தார். எர்பில் என்ற ஊரில் ஒரு துருக்கிக் கம்பெனி ஆள் எடுக்கிறதாம். அதுவும் ஈராக்தான். போன் வந்ததும் இவர் கொல்லைப் பக்கம் போய்விடுவார். "சொல்றேன் சார், வூட்ல கேட்டுக்கினு சொல்றேன்" என்பது மட்டும் என் காதில் விழும். ஆனால் வீட்டில் கேட்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். போகவில்லை என்று சொல்லிவிட்டால் இந்த நாற்காலி இப்படியே எத்தனை காலம் சுற்றும் என்று இன்னொரு பயம்.

அந்தச் சமயத்தில்தான் செங்கல்பட்டு ரோட்டில், முன்பு உர மூட்டை அடுக்கி வைத்திருந்த குடோனில், ஒரு சாப்பாட்டுக் கடை வந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே பச்சை விளக்கு. 'துருக்கி, ஈராக் உணவு' என்று தமிழிலும், கீழே அரபி எழுத்திலும் போர்டு. வாசலில் கம்பியில் குத்திய கோழிக்கறி நெருப்புக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருக்கும். தடுப்பூசிப் பெட்டியோடு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் கண் அதன்மேல் விழும்.

காரணம் இருந்தது. என் கணவர் ஈராக்கில் இருந்தபோது அநேகமாகத் தினமும் சாயங்காலம் போனில் பேசுவோம். இன்னா துன்னீங்க என்றுதான் நான் ஆரம்பிப்பேன். "இன்னிக்கு மீன நெருப்பு பக்கத்துல வாட்டிக் குடுத்தாங்கமே. படகு மாதிரி ஒரு ரொட்டி கீது, அத்த பிச்சுத் தொட்டுக்கினு துன்னேன்" என்பார். இன்னொரு நாள் கபாப் என்பார். நான் தட்டில் ரசம் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். கண்காணாத இடத்தில் இருந்தாலும் வயிறு நிறைய நல்லதாகச் சாப்பிடுகிறாரே என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன். ஊசி போடப் போகிற இடத்தில் யாராவது விசாரித்தால் அந்த மீனையும் ரொட்டியையும் பற்றிப் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன்.

ஆகவே, அந்த ருசிக்குத்தான் மனுஷன் ஏங்குகிறார் என்று நானே முடிவு செய்தேன்.

"ஞாயித்துக்கெயம அந்தக் கடைக்குப் போலாங்களா? நீங்க அங்க துன்னதெல்லாம் இங்க கீதாம்."

"அத்தெல்லாம் இன்னாத்துக்குமே? வூட்லயே கோயிக் கொயம்பு வெச்சிடேன்."

"எனக்குத் துன்னு பாக்கணும். எத்தினி வருசமா சொல்லக் கேட்டுக்கினே கீறேன்."

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டியை நானே ஓட்டினேன். அவரிடம் கொடுத்தால் பாதி வழியில் திருப்பிவிடுவார் என்று தோன்றியது. பின்னால் உட்கார்ந்தவர் வழி முழுக்க, டயரில் காற்று கம்மியாக இருக்கிறது, வானம் மூட்டமாக இருக்கிறது, கேட்டைப் பூட்டினாயா என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கடையில் இரண்டு மேசையில்தான் ஆட்கள் இருந்தார்கள். சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். ஃபேன் காற்று வரவில்லை என்று எழுந்தார். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்ததும் வாசல் தெரியவில்லை என்றார். மூன்றாவதாக ஒரு மேசைக்குப் போனபோது கல்லாவில் இருந்தவரே சிரித்துக்கொண்டு எழுந்து வந்தார். கடைக்காரர் அவர்தான். வந்தவாசிக்காரர். பக்தாத்தில் ஒரு துருக்கிக்காரரின் ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். என் வீட்டுக்காரரும் ஈராக்கில், பஸ்ரா பக்கம் இருந்தவர் என்று நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஷ்லோனக்?" என்றார்.

"ஜைன், ஜைன்" என்றார் இவர், பாதிக் குரலில். எப்படி இருக்கீங்க என்று அவர் கேட்டதாகவும், நல்லா இருக்கேன் என்று தான் சொன்னதாகவும் எனக்கு விளக்கினார்.

"அப்ப ஒங்களுக்கு நான் இன்னா சொல்றது? எல்லாம் தெரிஞ்சவரு. ஏரிக் கெண்ட வந்துகீது அண்ணா. அங்க மாதிரியே பொளந்து வாட்டித் தர்றேன். ஒரு மணி நேரம் ஆவும், பரவால்லியா? அதுவரிக்கும் சூப்பு, ரொட்டி."

இவர் படம் போட்ட மெனு அட்டையை முன்னும் பின்னுமாகத் திருப்பினார். "நீங்களே பாத்துக் குடுங்க பாய்" என்றார்.

அந்த ஒரு மணி நேரம்தான் பெரும்பாடாகிவிட்டது. முதலில் சூப் வந்தது. மைசூர் பருப்பை வேகவைத்துக் கடைந்து எலுமிச்சை பிழிந்தது. எனக்குப் பிடித்திருந்தது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "பருப்பு" என்று சொல்லிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். கை கழுவ எழுந்து போனார், வந்தார், மறுபடியும் போனார். பிறகு ரொட்டி வந்தது. போனில் அவர் சொன்ன மாதிரியே நடுவில் அகலமாக, இரண்டு முனையிலும் கூராக, படகு போலவே இருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"இத்த எப்பிடித் துன்னணும்? காட்டுங்க" என்றேன்.

அவர் ரொட்டியைத் தொடாமல் பக்கத்து மேசையைப் பார்த்தார். அங்கே ஒரு பையன் ரொட்டியைக் கீறி உள்ளே கறியை வைத்துக்கொண்டிருந்தான். இவர் அதே மாதிரி ரொட்டியைக் கீறினார். உள்ளே வைக்க எங்கள் மேசையில் எதுவும் இல்லை. கீறிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "போன் வந்துகீது" என்று எழுந்து வெளியே போனார்.

கண்ணாடிக் கதவு வழியாக அவரைப் பார்த்தேன். பைக்குகள் நிற்கும் இடத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். போன் சட்டைப்பையில்தான் இருந்தது. ஏஜெண்டிடம் சரி என்று சொல்லிவிட்டாரோ, அதைச் சொல்ல முடியாமல்தான் தவிக்கிறாரோ என்று தோன்றியது. எழுந்து போனேன்.

"இன்னா ஆச்சு? எர்பில் போறதுன்னு முடிவு பண்ட்டீங்களா?"

"அது இல்லமே." ரொட்டியை அப்போதுதான் கவனித்தவர் போல ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "நான் இத்தெல்லாம் துன்னதே இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"எங்கள கேம்ப்ப வுட்டு வெளிய வுட மாட்டாங்க. கேட்டாண்ட துப்பாக்கி வெச்சிக்கினு நிப்பான். ரூமு, சைட்டு, மெஸ்சு. மெஸ்ல பருப்பும் சோறும்தான். வெள்ளிக்கெயமன்னா கோயி. ஏர்போர்ட்டு போவசொல்ல பஸ் ஜன்னல்ல பாப்பேன், ரோட்டோரமா மீன வாட்டிக்கினு இருப்பாங்க. போர்டுல ரொட்டி படம் போட்டுருக்கும். அவ்ளோதான்."

"அப்ப தெனம் சொன்னது?"

"நீ இன்னா துன்னீங்கன்னு கேப்ப. பருப்புன்னு சொன்னா அயுவ. ஒரு தபா சொன்னேன், அயுத. அப்பால மாத்திக்கினேன்."

அப்படி ஒரு நாள் அழுதேனா? எனக்கு ஞாபகமே வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. நான் நிம்மதியாகத் தூங்கிய இரவுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வேறு எதையெல்லாம் இப்படி மாற்றிச் சொன்னார்? அங்கே ஒரு தடவை அவர் கையில் அடிபட்டது கதவு இடுக்கில் மாட்டியதால்தானா? இன்னொரு தடவை பத்து நாள் போன் பேசாதது சிக்னல் இல்லாததால்தானா? கேட்க வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். வெயிலில் வியர்த்து, கீறிய ரொட்டியோடு, திட்டு வாங்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"மீனு வந்திருக்கும். ஆறிடும், வாங்க" என்றேன்.

மீன் அப்போதுதான் வந்தது. முதுகுப்பக்கம் பிளந்து, புத்தகத்தைப் போல விரித்து, புளியும் மஞ்சளும் தடவி வாட்டியிருந்தார்கள். மேலே வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி. எங்கள் ஏரியில் பிடித்த அதே கெண்டைதான். ஆனால் நான் இதுவரை சாப்பிட்ட கெண்டை எதுவும் இப்படி இருந்ததில்லை. நெருப்புப் பட்ட ஓரம் மொறுமொறுவென்றும் உள்ளே வெண்ணெய் மாதிரியும் இருந்தது. இருவரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டோம். அவர் முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சினார். "நல்லா கீதுமே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரொம்ப நல்லா கீது" என்றார். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கடைக்காரர் வந்து நின்றார். "இன்னா அண்ணா, பஸ்ராவுல துன்ன மாதிரி கீதா?"

இவர் தலையாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். "தெரியில பாய். அங்க துன்னதில்ல. கேம்ப்லயே இருந்துட்டேன்" என்றார்.

கடைக்காரர் "அப்ப இன்னிக்குத்தான் பஸ்ரா போய்க்கிறீங்க" என்று சிரித்துவிட்டு, உள்ளே போய்ச் சின்னக் கண்ணாடித் தம்ளரில் கறுப்பு டீ கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசு வேண்டாம் என்றார்.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நிஜமாகவே போன் வந்தது. ஏஜெண்ட்தான். இந்தத் தடவை அவர் எழுந்து போகவில்லை. என் எதிரிலேயே பேசினார்.

"சார், ஒண்ணு சொல்லுங்க. அங்க கேம்ப்ப வுட்டு வெளிய வுடுவாங்களா? கடத்தெருவுக்குப் போலாமா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை. போகிற எண்ணம் இருப்பவர்தானே இதைக் கேட்பார்?

"அத்த விசாரிச்சுக்கினு போன் போடுங்க" என்று வைத்துவிட்டார்.

அந்த ஏஜெண்ட் பிறகு கூப்பிடவே இல்லை. வேறு ஆள் கிடைத்திருக்கலாம். இவர் இரண்டு வாரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். அப்புறம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பைப் வேலைக்குச் சேர்ந்தார். கம்பெனி பஸ் உத்திரமேரூர் வரைக்கும் வருகிறது. பழைய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் சொல்கிறார், சிலவற்றுக்கு எழுந்து போய்விடுகிறார். கையில் அடிபட்டது கதவு இடுக்கில் மாட்டி இல்லை.

ஊரில் தங்கிவிட்டார் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவரால் வீட்டில் இருக்க முடிவதில்லை. திருமுக்கூடலில் ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறதாம் என்பார். புள்ளலூரில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்பார். போய்ப் பார்த்தால் அந்த ஆள் ஊரிலேயே இருக்க மாட்டார். நானும் இப்போதெல்லாம் எங்கே, எதற்கு என்று கேட்பதில்லை. புடவையை மாற்றிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுகிறேன். போன வாரம் ராஜகுளம் வரைக்கும் என்றுதான் கிளம்பினார்; அதைத் தாண்டியும் வண்டியை நிறுத்தவில்லை.