ஃபிளாப்பிக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை வந்தால் என் வீட்டுக்காரர் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பிவிடுவார். தறிக்கு, ஸ்கூட்டருக்கு, அரிவாளுக்கு, ஆட்டுக்கல்லுக்கு. வழியில் நான் நின்றால் எனக்கும் ஒன்று விழும். சும்மா மேலாக வைத்துவிட்டுப் போகிற ஆளும் அல்ல. தறியில் எந்த இடம் ஓடுகிறதோ அங்கேதான் பொட்டு வைக்க வேண்டும் என்பார்.

அந்த வருஷம் வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் வந்திருந்தது. மகள் கருமத்தம்பட்டியிலிருந்து பீளமேட்டுக்கு பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் அவள் செய்த ப்ராஜெக்ட் முழுவதும் உள்ளங்கை அகல ஃபிளாப்பி ஒன்றில்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை. திங்கட்கிழமை அச்சடித்துக் கொடுக்காவிட்டால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். பூஜையன்று பாடப் புத்தகங்களோடு அதையும் சாமி முன்னால் வைத்திருந்தாள்.

மறுநாள் எடுத்துப் போட்டால், கம்ப்யூட்டர் கர்கர் என்று இருமியது.

"படிக்க முடியலைன்னு வருதுங்கம்மா" என்றாள். முகம் சுண்டிவிட்டது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "கரண்டுல ஓல்டேஜ் கம்மியா இருக்கும் அம்மணி. தறி மெக்கானிக்கக் கூட்டியாரட்டுமா?"

"அவரு வந்து எண்ணெய் உடுவாருங்கப்பா. நீங்க சும்மா இருங்க."

வேறொரு ஃபிளாப்பியைப் போட்டாள், திறந்தது. அப்படியானால் மிஷினில் குற்றமில்லை. பழையதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அதன் ஓரத்தில் ஒரு தகரக் கதவு உண்டு; தள்ளினால் உள்ளே கறுப்பாய் ஒரு தட்டு தெரியும். கதவு நகரவில்லை. நெம்பினாள். கறுப்புத் தட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம்.

"ஏனுங்க, கதவத் தொறந்தா வெச்சீங்க?" என்றேன்.

"பின்ன? உள்ள இருக்கறதுதான ஓடுது. மேல வெச்சா வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குத்தான பொட்டு?"

மகள் தன்னோடு படிக்கிற பெண்ணுக்குப் போன் போட்டு வழி கேட்டாள். பிளேடால் மேலோட்டைப் பிரித்துத் தட்டை வெளியே எடுத்தாள். மெத்தென்று துணி கேட்டாள். என் பழைய பருத்திச் சேலையில் ஒரு ஓரம் கிழித்துக் கொடுத்தேன். ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து, காயவிட்டு, காலியாக இருந்த இன்னொரு ஃபிளாப்பியின் ஓட்டுக்குள் வைத்து மூடினாள். அதுவரை அவர் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"மூச்சு உட்டாக் கெட்டுப்போயிருமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

எனக்கென்ன தெரியும். "உடாமயே நில்லுங்க, எதுக்கு வம்பு" என்றேன். நின்றார்.

மறுபடி கர்கர். பிறகு ஒவ்வொரு அத்தியாயமாகத் திறந்தது. அப்போதுதான் மகள் சிரித்தாள். கடைசியில் நன்றி சொல்லும் பக்கம் மட்டும் எப்படித் தட்டியும் வரவில்லை.

"அதுலதான் உங்களுக்கு நன்றி எழுதியிருந்தேனுங்கப்பா."

"மறுக்கா எழுதிக்கலாமில்ல கண்ணு?"

"யோசிக்கோணுங்க."

எழுதினாள். திங்கட்கிழமை கொடுத்தும்விட்டாள். வீட்டுக்கு யாராவது வந்தால் இவர் அந்த ப்ராஜெக்ட் புத்தகத்தின் வீட்டுப் பிரதியை எடுத்து, தன் பேர் இருக்கிற பக்கத்தைக் காட்டுவார். கூடவே, "பொட்டு வெச்சதாலதானுங்க மத்ததெல்லாம் தப்பிச்சுது" என்பார். உடனே நான் காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விடுவேன். சமையலறைக்குள் போய்ச் சிரித்தால் வெளியே கேட்காது.