கப்பலேறிய பாட்டில்

டைட் என்பது ஊரார் வைத்த பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா தூங்குகிறது. மனுஷர் பிளம்பர். மற்றவர்கள் குழாய் இணைப்பில் வெள்ளை டேப்பை நாலு சுற்று சுற்றினால், இவர் சுற்றிக்கொண்டே இருப்பார். அதன்மேல் பசை, அதற்கும் மேல் ரெஞ்சைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருகு. "இனிமே பிரளயம் வந்தாலும் சொட்டாது" என்று சொல்லிவிட்டுத்தான் துண்டில் கை துடைப்பார். உண்மைதான், சொட்டாது. என்றைக்காவது அந்தக் குழாயை மாற்ற வேண்டி வந்தால் சுவரை இடிக்க வேண்டியிருக்கும். அது அடுத்து வருகிறவன் பாடு.

விவரம் தெரியாதவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு, மனுஷர் எந்நேரமும் தண்ணியில் மிதப்பார் போலிருக்கிறது என்று நினைத்து, அவர் மனைவியைப் பாவமாகப் பார்ப்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. வீட்டு மாடிப்படிக்கு அடியில் நாலு ஜாடி வைத்து ஒயின் போடுவார், அவ்வளவுதான். அதையும் முக்கால்வாசி பக்கத்து வீடுகளுக்கே கொடுத்துவிடுவார். எல்லாரும் ஆகா ஓகோ என்பார்கள். ஓசியில் குடிக்கிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்? அது அவருக்கும் தெரியும். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆளின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை. அந்த ஆளோ, ஒரு சொட்டுகூட வாயில் வைத்ததில்லை.

அது அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தெரு முழுக்க அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஊசி வலிக்காது என்று எந்த நோயாளிக்கும் சொல்லாதவர். "வலிக்கும், பேசாம இருங்க" என்பார். மனசுக்கு இதமாக ஒரு பொய் சொல்லத் தெரியாத ஜென்மம்.

கல்யாணமான புதிதில் டைட் முதல் ஜாடி ஒயின் போட்டார். பழக்க தோஷத்தில் மூடியை டேப் சுற்றி இறுக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். ஒயின் புளித்துப் பொங்கும், காற்று வெளியே போக வழி வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்கு அவருக்குத் தெரியாது. டியூட்டி முடிந்து வந்த சிஸ்டர் மத்தியானம் கண்ணயர்ந்த நேரம், கட்டிலுக்கு அடியில் 'டமார்!' வெள்ளை விரிப்பு, சுவர், தரை எல்லாம் சிவப்பு. கதவிடுக்கு வழியாக வாசல்வரை ஓடியதைப் பார்த்த எதிர்வீட்டம்மா, புதுப்பெண்ணை யாரோ வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்று கத்திக் கூப்பாடு போட்டுத் தெருவையே கூட்டிவிட்டார். கூட்டம் கலைந்ததும் சிஸ்டர் சொன்னார்: "என்னைக்காவது நான் சொகுசுக் கப்பல்ல ஏறுவேன் பாருங்க, அன்னைக்குக் குடிக்கிறேன் உங்க ஒயினை!"

ஜென்மத்துக்கும் நடக்காது என்று அர்த்தம். பிளம்பரும் நர்ஸும் எங்கே, சொகுசுக் கப்பல் எங்கே. டைட்டும் வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் ஜாடிகளுக்குச் சின்ன ரப்பர் குழாய் வைத்துக் காற்றுக்கு வழிவிடப் பழகிக்கொண்டார். வருஷங்கள் ஓடின. மகள் படித்து, வேலைக்குப் போய், ஒரு நாள் சிரித்துக்கொண்டே ரெண்டு டிக்கெட்டை நீட்டினாள். கப்பல் டிக்கெட்.

சிஸ்டர் மகளைக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, டைட்டுக்கு மூளை வேறெங்கோ போயிருந்தது.

"நீ ஒரு வார்த்தை சொன்னே, ஞாபகம் இருக்கா?"

சிஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கு. சொன்னா சொன்னதுதான், குடிக்கிறேன். ஆனா ஒண்ணு. ஏறுற அன்னைக்குன்னு சொன்னேன், அன்னைக்கு மட்டும்தான். குடிச்சுட்டு நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னுதான் சொல்வேன். அப்புறம் படிக்கு அடியில இருக்கிற ஜாடியெல்லாம் வெளியே போகணும். அந்த இடத்துல செருப்பு ஸ்டாண்ட் வைக்கப் போறேன். வாசல்ல செருப்பு தடுக்கித் தடுக்கி எனக்கு உசிரு போகுது."

"சரி" என்றார் டைட். சொல்லிவிட்டு நேரே மாடிப்படிக்கு அடியில் போய்க் குனிந்தார்.

இருப்பதிலேயே நல்ல ஜாடியாகப் பார்த்து ஒரு பாட்டில் நிரப்பினார். அறைக்கு ஒரு பாட்டில் கொண்டுவரலாம், அறைக்குள்ளேயே குடித்துக்கொள்ளலாம், ஆனால் சீல் வைத்ததாக இருக்க வேண்டும் என்பது கப்பல்காரர்கள் சட்டம். சீல்தானே? யாரிடம் சொல்கிறார்கள்? பாட்டில் கழுத்துக்குத் தோதாக ஒரு பித்தளை மூடி, டேப், பசை, ரெஞ்சு. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருகு. அப்புறம், மனைவி குடிக்கப் போகிற பாட்டிலாயிற்றே என்று இன்னொரு திருகு.

துறைமுகத்தில் சோதனை போடும் அதிகாரி மூடியைத் திருகிப் பார்த்தார். முகம் சிவக்கத் திருகினார். பக்கத்தில் இருந்த தடியான ஆளிடம் கொடுத்தார். அவரும் திருகிவிட்டு உள்ளங்கையை ஊதிக்கொண்டார். "சார், இப்படி ஒரு சீலை நான் பார்த்ததே இல்ல. கொண்டு போங்க" என்றார் அதிகாரி. டைட்டுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில், பையிலிருந்த ரெஞ்சை அவர்கள் எடுத்துத் துண்டுச் சீட்டுக் கட்டி, "கருவியெல்லாம் உள்ளே ஆகாது, இறங்கும்போது வாங்கிக்குங்க" என்றபோதுகூட, பெரிய மனசோடு தலையை ஆட்டிவிட்டார்.

அறை தீப்பெட்டி மாதிரி இருந்தாலும் பளபளவென்று இருந்தது. வட்டமாக ஒரு ஜன்னல், வெள்ளைக் கட்டில், கட்டில்மேல் துண்டை மடித்துச் செய்த ஒரு அன்னம். கப்பல் கிளம்பியதும் சிஸ்டர் குளித்து, புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்தார்.

"ம், ஊத்துங்க. சாயங்காலம் ஆயிடுச்சு."

டைட் மூடியில் கை வைத்துத் திருகினார். மூடி அசையவில்லை. துண்டைச் சுற்றித் திருகினார். வெந்நீரில் காட்டித் திருகினார். குளியலறைக் கதவிடுக்கில் மூடியைக் கொடுத்து, பாட்டிலோடு தானும் ஒரு சுற்று சுற்றினார். கதவுதான் கிறீச்சிட்டது. ஆயுள் முழுக்க எவன் எவனையோ சுவர் இடிக்க வைத்த கைத்திறமை, இன்றைக்கு அவரையே பார்த்துப் பல்லிளித்தது. மானம் கப்பலேறும் என்பார்களே, அவர் மானம் டிக்கெட் எடுத்து ஏறி வந்திருந்தது.

சிஸ்டர் கண்ணாடித் தம்ளரைத் துடைத்து வைத்துக்கொண்டு, "செருப்பு ஸ்டாண்ட் மரத்துல வாங்கலாமா, இரும்புல வாங்கலாமா?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

வேறு வழியில்லை. டைட் போனை எடுத்தார். தன் வாயால் சொல்லவே கூடாது என்றிருந்த பொய்யைச் சொன்னார். "எங்க ரூம்ல குழாய் சொட்டுது. ரெஞ்சோட யாராச்சும் வாங்க."

கொஞ்ச நேரத்தில் கப்பல் பிளம்பர் வந்தார். தொப்பை சரிந்த, சிரித்த முகக்காரர். குளியலறைக்குள் போனார், குழாயைத் தடவினார், குனிந்து அடியில் விரல் விட்டுப் பார்த்தார். எல்லாம் காய்ந்து கிடந்தது.

"சார், சொட்டலையே."

"சொட்டாதுதான். ஆனா டேப் ரொம்பக் கம்மியா சுத்தியிருக்கீங்க. நானா இருந்தா..." என்று ஆரம்பித்த டைட் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

கப்பல் பிளம்பர் நிமிர்ந்து, அவருடைய காய்த்துப்போன விரல்களைப் பார்த்தார். "நம்ம தொழிலா?"

"நம்ம தொழில்தான்."

"அப்ப உண்மையைச் சொல்லுங்க."

டைட் தலையைக் குனிந்துகொண்டு பாட்டிலை நீட்டினார். கப்பல் பிளம்பர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட பாவி மனுஷா, பாட்டிலுக்கா இப்படி டேப் அடிச்சீங்க? பாய்லருக்கே நாங்க இவ்ளோ அடிக்க மாட்டோமே!"

டைட் பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். மற்றவர் ரெஞ்சை மூடியில் கடிக்கவிட்டு மூச்சைப் பிடித்தார். சிஸ்டர் கிட்டே வந்து, தம்ளரோடு தயாராக நின்றார். மூடி முனகியது, நகர்ந்தது, அப்புறம் 'டமார்!'

மூடி கூரையில் பட்டு எங்கேயோ போய் விழுந்தது. காற்றுக்கு வழியில்லாமல் உள்ளேயே புளித்துப் பொங்கிக் கிடந்த ஒயின் புஸ்வாணம் மாதிரி எழும்பி, கூரை, சுவர், கட்டில் என்று ஒன்றையும் விடவில்லை. அன்னம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. புது வெள்ளைச் சட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிஸ்டரின் மூக்குக் கண்ணாடியிலிருந்து சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

கப்பல் பிளம்பர் முகத்தை வழித்துவிட்டு, "இப்ப சொட்டுது சார். நீங்க குடுத்த கம்ப்ளெய்ண்ட் உண்மையாயிடுச்சு" என்றார். துடைக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டே நழுவிவிட்டார்.

பாட்டிலில் ஒரு தம்ளர் அளவு மிச்சம் இருந்தது. டைட் அதைக் கழிவறையில் ஊற்ற எழுந்தார். கட்டிலும் விரிப்பும் எதிர்வீட்டம்மாவின் கூப்பாடும் எல்லாம் திரும்ப வந்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

"எங்க போறீங்க? கொண்டாங்க இங்க" என்றார் சிஸ்டர். "சொன்னா சொன்னதுதான்."

பாட்டிலைப் பிடுங்கித் தம்ளரில் ஊற்றினார். டைட்டுக்கு அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. குளியலறைப் பக்கம் திரும்பி, அந்தச் சொட்டாத குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு மடக்கு கேட்டது. அப்புறம் இன்னொரு மடக்கு.

"ஏங்க."

"ம்."

"அடுத்த தடவை டேப்பைக் கொஞ்சம் கம்மியா சுத்துங்க. பாதிக்கு மேல வீணாப் போச்சு."

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. திரும்பினார். "அடுத்த தடவையா?"

சிஸ்டர் தம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு வாய் வச்சிருக்கலாமில்ல?"

"குடிக்கிறேன்னு சொன்னது நான்தானே" என்றார் சிஸ்டர், கண்ணாடியைக் கழற்றி அன்னத்தின் கழுத்தில் துடைத்துக்கொண்டே. "செருப்பு வாசல்லயே கிடக்கட்டும்."