மல்லாட்டைச் சட்னிக்குப் பதினொரு நிமிடம்

நம் வீட்டு மிக்சியில் ஏன் கம்பெனிப் பெயரே இல்லை என்று தம்பி ஒரு முறை கேட்டான். அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். பாப்பா, உன் தம்பியோடு சேர்ந்து நீயும் படி. உங்கள் அம்மா நம்மை விட்டுப் போனதும் இந்த மிக்சியும் எனக்குத் தனித்தனியாக நினைவுக்கு வருவதில்லை.

நான் ஐ.டி.ஐ. வரை படித்தவன். திண்டிவனத்தில் மிக்சி தயாரிக்கிற சின்னக் கம்பெனி ஒன்றில், டெஸ்டிங் ரூமில் வேலை. நீளமான மேஜை மேல் பன்னிரண்டு மிக்சிகள் வரிசையாக இருக்கும். ஐந்து நிமிடம் ஓடும், இரண்டு நிமிடம் நிற்கும், மறுபடி ஓடும். நான் கிளம்பும் வரை இதேதான். கரண்டை நூற்றெண்பது வோல்ட்டுக்கு இறக்கிப் பார்ப்போம், இருநூற்று அறுபதுக்கு ஏற்றிப் பார்ப்போம். ஒலக்கூர் பக்கத்துக் கிராமங்களில் சாயங்காலம் கரண்ட் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா? ஏதாவது ஒரு மிக்சி புகைந்து நின்றுவிட்டால் எங்கள் இன்ஜினியர் மேடத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

“இங்க கெட்டுப்போனா நல்லதுண்ணா. கடைக்குப் போறதுக்கு முன்னாடியே மாட்டிக்கிச்சு பாருங்க” என்பார்.

ஆனால் மேஜை மேல் ஓடுவது வேறு, அடுப்படியில் ஓடுவது வேறு. அதனால் புது மாடல் விற்பனைக்குப் போகும் முன், வேலை செய்கிறவர்களில் ஆறு பேர் வீட்டுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார்கள். பெயர் ஒட்டாத பீஸ். கூடவே ஒரு நோட்டு. இன்ன நாள், இன்னது அரைத்தேன், கடிகாரத்தில் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், சத்தம் வந்ததா, கருகல் வாடை வந்ததா, தானாக நின்றதா. யார் அரைக்கிறார்களோ அவர்கள்தான் எழுத வேண்டும். சனிக்கிழமைதோறும் நான் அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

அம்மா எட்டாவது வரை படித்தவள். நாலு மாதம் ஒரு நாள் விடாமல் எழுதினாள். எல்லா நாளும் ஒரே பதில்தான்: ‘நன்றாக உள்ளது.’ மற்ற ஐந்து நோட்டிலும் ஏதாவது புகார் இருக்கும். நம் வீட்டு நோட்டில் மட்டும் இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

நாலு மாதம் முடிந்து மேடம் அந்த பீஸைக் கழற்றினார். உள்ளே மோட்டார் காயில் கருத்திருந்தது. அடிப்பக்கம் சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குத் துரு. ஆட்டம் தெரியாமல் இருக்க சைக்கிள் டியூப் துண்டு ஒன்று வேறு செருகியிருந்தது.

“என்னண்ணா இது? நோட்டப் பார்த்தா புது மாப்பிள்ள மாதிரி இருக்கு, தொறந்து பார்த்தா ஐசியூ கேஸா இருக்கு.”

ரூமே சிரித்தது. அந்த அவமானத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

“மிஷினுக்குள்ள தண்ணி எப்படிப் போச்சு?” என்று கேட்டேன்.

“சூடாயி நின்னுபோவுங்க. ஈரத்துணிய சுத்தி வெச்சா ஆறிடும். அடியில கீற செவப்பு பட்டன அழுத்திட்டு ஜல்தி அரைச்சிடுவேன். அப்பவும் ஓடலன்னா பக்கத்து வீட்டு அக்காகிட்ட அரைச்சிக்கினு வந்துடுவேன்.”

“அத ஏன் எழுதல?”

“நீங்க டெஸ்ட் பண்ண மிஷினு. அது சரியில்லன்னு உங்க பொண்டாட்டியே எழுதினா, உங்களுக்கு அங்க இன்னா மரியாதை இருக்கும்?”

நான் கத்தினேன். “நீ எழுதலன்னா, எவ வீட்லயோ ஒருத்தி இதே மாதிரி ஈரத்துணிய சுத்தி ஷாக் அடிச்சி விழுவா. அப்ப இன்னா பண்ணுவ?” என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நீ தட்டில் போட்டுக் கொண்டுபோய் வைத்தாய் பாப்பா, அது அப்படியே இருந்தது.

காற்றுப் போகும் ஓட்டைகளைப் பெரிதாக்கி, காயில் கம்பியை மாற்றி, திரும்ப ஆறு பீஸ் செய்தார்கள். அதில் ஒன்றுதான் நம் வீட்டில் இப்போது இருப்பது. இந்த முறை அம்மா எழுதியதைப் பார்க்க வேண்டுமே! ‘காய்ந்த மிளகாய் அரைத்தால் வாடை வருகிறது.’ ‘பெரிய ஜாரின் மூடி இறுக்கம், மணிக்கட்டு வலிக்கிறது. இந்த மூடியைச் செய்தவர் ஒரு நாள் எங்கள் வீட்டில் வந்து சமைக்கட்டும்.’ மேடம் அதை மீட்டிங்கில் சத்தமாகப் படித்தாராம். மூடியை மாற்றினார்கள். சொன்னதும் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“மூடியில என் பேர போடச் சொல்லுங்க” என்றாள்.

ஒரு சனிக்கிழமை மேடம் நோட்டில் வேர்க்கடலைச் சட்னி அரைத்த நாட்களில் விரல் வைத்துக் காட்டினார். “அண்ணா, இந்த மல்லாட்டைச் சட்னியப் பாருங்க. அளவு அதேதான். முதல் மாசம் மூணு நிமிஷம். அப்புறம் அஞ்சு, எட்டு. இப்ப பதினொன்னு. மோட்டார் வேகம் எறங்குதுபோல. கொண்டு வாங்க.”

துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். வேகத்தை அளந்தேன், முதல் நாள் இருந்ததேதான். கார்பன் பிரஷ் தேயவில்லை. பிளேடு மழுங்கவில்லை. இரண்டு நாள் மேஜை மேல் வைத்து ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. திரும்பக் கொண்டுவந்து வைத்தேன்.

“மிஷினு நல்லாதான் கீது. உனக்குத்தான் வயசாயிடுச்சு. ஒரு சட்னிக்குப் பதினோரு நிமிஷமா?”

“அப்ப என்னையும் தூக்கிக்கினு போயி உங்க மேஜை மேல வெச்சி ஓட்டிப் பாருங்க.”

எல்லோரும் சிரித்தோம். அப்போது அவள் கழுத்தில் ஈரத்துண்டு இருந்தது. கேட்டதற்கு வெக்கை என்றாள். சித்திரை மாதம், யாருக்குத்தான் வெக்கை இல்லை? நம்பிவிட்டேன். ஈரத்துணி எதற்கு என்று தெரிந்துகொண்டவன் நான். அப்படியும் நம்பிவிட்டேன்.

அடுத்த மாதம் கிளியனூரில் கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றபோது, அம்மா தரையில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதயத்தில் ஒரு வால்வு ரொம்ப நாளாகக் கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். “எவ்ளோ நாளா மூச்சு வாங்குது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பாப்பா, நீதான் சொன்னாய்.

“ரொம்ப நாளா டாக்டர். சட்னி அரைக்கறப்ப மிக்சிய நிறுத்திட்டுக் கீழ உக்காந்துக்குவாங்க. திரும்ப எழுந்து அரைப்பாங்க. அப்பாவ பேஜாரு பண்ணாத, சொல்லாதன்னுட்டாங்க.”

நான் காலை ஷிப்டுக்கு ஆறு மணிக்கே கிளம்பிவிடுவேன். அவள் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் எத்தனை நிமிடம் உட்கார்ந்தாள் என்று சனிக்கிழமைதோறும் என் கையில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பாப்பா, அன்றைக்கு நீ சொன்னபோது நான் உன்னை முறைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன்னை இல்லை. நீ பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அம்மா சொன்னதைக் கேட்டாய். அளந்து பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன் நான்.

மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். “ஏன் எழுதல?” என்று கேட்டேன். அந்தக் கேள்வியை இரண்டாவது முறையாகக் கேட்கிறேன் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது.

“மிக்சியப் பத்திதானங்க எழுதச் சொன்னாங்க” என்றாள்.

மறுநாள் போய்விட்டாள்.

அந்த மாடல் கடைக்கு வந்துவிட்டது. மூடி லேசாகத் திறக்கிறது என்று வாங்கியவர்கள் சொல்கிறார்களாம். நோட்டு கம்பெனிக்குச் சொந்தம். மேடம் தனக்கு வேண்டியதை நகல் எடுத்துக்கொண்டு, என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பீரோவில் உங்கள் அம்மா புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் மல்லாட்டைச் சட்னி, பதினொரு நிமிடம், ‘மிக்சி நன்றாக உள்ளது.’

பாப்பா, இப்போது நீ அரைக்கிறாய். நான் ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டேன். நீ சுவிட்ச் போட்டதும் நான் கூடத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சத்தம் நடுவில் நின்றால் உள்ளே ஓடி வருகிறேன். “உப்பு போட நிறுத்தினேம்ப்பா, ஏன் இப்படி பயமுறுத்தற?” என்று கோபித்துக்கொள்கிறாய். கோபித்துக்கொள். நாளைக்கும் வருவேன்.