இல்லாத சர்க்கரைக்கு விழுங்கிய மாத்திரைகள்

அந்த டாக்டரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடலூரிலிருந்து தினமும் சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போய்வருகிறேன். அங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பதைத் தாண்டியதும் மாதவிடாய் கட்டுக்கடங்காமல் போயிற்று. அந்த நாட்களில் அடர்ந்த நிறப் புடவையாகப் பார்த்துக் கட்டுவேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், சீப்பில் முடி கொத்தாக வரும். என் கணவர்தான் கடலூரில் பேர்போன அந்த டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"ரொம்ப அசதியா இருக்குது சார். மாசாமாசம் ரத்தம் ஜாஸ்தியா போவுது" என்று ஆரம்பித்தேன்.

"இந்த வயசுல எல்லா லேடீஸுக்கும் இருக்கறதுதாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் என் கணவர் பக்கம் திரும்பினார். "இவங்க வீட்ல யாருக்காவது சுகர் இருக்குதா?"

என் அப்பாவுக்கு இருந்தது. அதோடு என் கதை முடிந்தது. மூன்று மாத சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எழுதினார். ஏழுக்குப் பக்கத்தில் வந்தது; ஆறரை ஆனாலே சர்க்கரைதான் என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். நான் சர்க்கரை நோயாளி ஆனேன். ரத்தம் போவதைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

அன்றிலிருந்து என் தட்டு என் கணவரின் அதிகாரத்துக்குப் போனது. சோறு ஒரு கரண்டி. பண்ருட்டிப் பலா வந்து வீடே மணக்கும்போது எனக்கு மட்டும் வெள்ளரிக்காய். பேரீச்சம்பழம், வெல்லம் எதற்கும் அனுமதியில்லை. நானும் பயந்துபோய் அவர் குறைத்ததற்கு மேலேயே குறைத்துக்கொண்டேன்.

அடுத்த பரிசோதனையில் அளவு ஏறியிருந்தது. டாக்டர் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வாயக் கட்டறதில்லையா?"

"வீட்டு மிஷின்ல வெறும் வயித்துலயும் சாப்ட்டப்பறமும் நார்மலாதான் சார் காட்டுது."

"அது அந்த நேரத்துக்குத்தான். மூணு மாசக் கணக்கு பொய் சொல்லாது." இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதினார்.

திரும்பி வரும்போது வண்டியில் என் கணவர் சொன்னார்: "ஸ்கூல்ல எவளாவது பர்த்டேன்னு கேக்கு குடுத்திருப்பா. நீயும் துன்னிருப்ப." அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஒரு நாள் காலை பஸ் சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டும்போதே உடம்பெல்லாம் வியர்த்தது, கை நடுங்கியது. எப்படியோ பள்ளிக்குப் போய்விட்டேன். கரும்பலகையில் பாதிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது விழுந்தேன் என்று பிறகு சொன்னார்கள். கண் திறந்தபோது சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. சர்க்கரை தாறுமாறாக இறங்கிவிட்டதாம்.

அங்கிருந்த டாக்டரம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். பிறகு, "மாசாமாசம் ரத்தம் அதிகமா போவுதா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

ரத்தத்தை எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் பாதிதான் இருந்தது. உடம்பில் இரும்பே இல்லை. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்: "இரும்பு இல்லன்னா புது ரத்த அணு சரியா உண்டாவாது. பழசே ரொம்ப நாள் சுத்திக்கிட்டிருக்கும். நாளாவ நாளாவ அதுல சக்கரை ஒட்டிக்கிட்டே போவும். அந்த மூணு மாச டெஸ்ட் அளக்கறது அந்த ஒட்டினத. அதனால உங்களுக்கு நம்பர் ஏறிக் காட்டுது. நீங்க சாப்பாட்டக் குறைச்சீங்க, இன்னும் ரத்தம் கொறஞ்சிச்சி, நம்பர் இன்னும் ஏறிச்சி."

"அதுக்கு எனக்கு மாத்திரைய ஏத்துனாங்க."

"ஆமா" என்றார் அவர், கொஞ்சம் தயங்கி.

ஆஸ்பத்திரியில் வைத்து வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் பலமுறை பார்த்தார்கள். சர்க்கரை சரியாகவே இருந்தது. மாத்திரைகளை நிறுத்தினார்கள். கர்ப்பப்பையில் இருந்த கட்டியைக் கண்டுபிடித்து வைத்தியம் பார்த்தார்கள், இரும்புச்சத்தை ஊசியாக ஏற்றினார்கள். சில மாதங்களில் படி ஏற முடிந்தது. அதே பரிசோதனையை மறுபடி எடுத்தபோது, எந்தச் சர்க்கரை மாத்திரையும் இல்லாமல், எல்லோருக்கும் வருவதுபோல வந்தது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கடலூர் டாக்டரிடம் போனேன், தனியாக. அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்லா கன்ட்ரோல் பண்ணியிருக்கீங்களே. மாத்திரைக்கு நல்லா கேக்குது."

"மாத்திரைய நிறுத்தி பல மாசமாவுது சார். எனக்கு ரத்தம்தான் இல்ல. மொதநாளே உங்ககிட்ட சொன்னேன்."

"நீங்களா மாத்திரைய நிறுத்தக் கூடாதும்மா" என்றார், அடுத்த ஆளுக்கு மணியடித்துக்கொண்டே. நான் எழுந்திருக்கவில்லை. சிதம்பரத்தில் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவருக்குச் சொன்னேன். "அப்பிடியும் சில கேஸ்ல வரும்" என்றார். அதாவது, தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. தெரியாமல் செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

போன மாதம் சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணம். பந்தியில் என் கணவர் தன் தங்கையிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "உங்க அண்ணிக்கு சுகர் இருந்துச்சி. கரெக்டா பாத்து எறக்கிட்டோம்."

"எனக்கு சுகர் இருந்ததே இல்ல" என்றேன். "ரத்தம் போவுதுன்னு நான் சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தீங்க."

பந்தியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாதி இலையில் கை கழுவ எழுந்து போனார். நான் உட்கார்ந்து முழுதும் சாப்பிட்டேன்.