தபால் பையில் போன நன்றிக் கடிதம்

வண்டி நின்றதும் ஹாஷிம் தட்டத் தொடங்குகிறார். கையில் நீண்ட காம்பு போட்ட சுத்தியல். ஒரு சக்கரத்துக்கு ஒரு தட்டு. நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும். வெடிப்பு விட்ட இரும்பு, பானையைத் தட்டினது போல 'டொக்' என்று அடங்கிவிடும். கண்டி ஸ்டேஷனில் பத்து வருஷமாக இதுதான் அவருடைய உத்தியோகம்.

பழக்கம் வேலையோடு நிற்பதில்லை. தேத்தண்ணிக் கடையில் கோப்பையைச் சுண்டிப் பார்ப்பார். "வெடிச்சீக்கி, மாத்துங்க" என்பார். அதற்குமேல் பேச்சு இல்லை. எதிரில் இருப்பவர் ஐந்து நிமிஷம் பேசினால் இவர் "ம்" என்பார். அது சம்மதம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர்.

மாசி மாதத்தில் அவருடைய வாப்பா மவுத்தானார். ஹாஷிம் அழுததை யாரும் காணவில்லை. அடக்கிவிட்டு வந்து நாலாம் நாள் வேலைக்குப் போனார். அன்றைக்கு ஒரே சக்கரத்தை ஐந்து தரம் தட்டினாராம். சக்கரத்தில் குறை ஒன்றும் இல்லை.

வாப்பா பாரூக், பொட்டணி வியாபாரி. புடவை மூட்டையோடு பன்வில, ஹுன்னஸ்கிரிய தோட்டங்களில் கூலிகள் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கியவர். மலைநாட்டு உதைபந்தாட்டச் சங்கத்தின் அணிக்கு ஒன்பது வருஷம் அவர்தான் மனேஜர். பந்து எப்படி அடிப்பது என்று அவர் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பதினொரு பேரையும் சனிக்கிழமை நாலு மணிக்கு மைதானத்தில் நிறுத்துவதுதான் அவருடைய வேலை. அது லேசான வேலை அல்ல.

சுந்தரலிங்கத்தை எடுத்துக்கொள்வோம். பன்விலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவனைத் தாண்டிப் பந்து போனால் அது அவன் விட்டதாகத்தான் இருக்கும். சனிக்கிழமை லீவு கேட்டால் தொரை கொடுக்கமாட்டார். ஆகவே பாரூக் கங்காணியிடம் பேசினார். பந்தயச் சனிக்கிழமைகளில், வத்தேகமத் தபால் கந்தோருக்குப் போய்த் தோட்டத்துத் தபால் பை எடுக்கிறவனுக்குப் பதிலாகச் சுந்தரலிங்கம் இறங்குவான். வத்தேகமவில் ரயில் ஏறிக் கண்டிக்கு வந்து ஆடுவான். திரும்பிப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு மலை ஏறுவான். தபால் கொஞ்சம் பிந்தும். தொரைக்கு ஒன்றும் தெரியாது. கங்காணிக்கு ஒரு சாரம், அவர் சம்சாரத்துக்கு ஒரு சேலை. ஒன்பது வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

தை கடைசியில் அந்தக் கங்காணியைப் பார்க்கத்தான் பாரூக் மழையில் ஏழு மைல் நடந்தார். வந்து படுத்தவர் எழும்பவில்லை.

சங்கத்தின் செக்கரட்டரி ராஜலிங்கம், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பெரிய கிளாக்கர். டைப்ரைட்டர் வைத்திருக்கிறார். பாரூக் மறைந்ததற்கு அழகான ஆங்கிலத்தில் ஓர் அனுதாபக் கடிதம் அடித்தார். அதே கையோடு தோட்டத்துத் தொரைக்கும் ஒன்று அடித்தார். சென்ற பருவத்தில் பதினொரு சனிக்கிழமைகள் தங்கள் தொழிலாளி சுந்தரலிங்கத்தைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்ததற்குச் சங்கத்தின் மனமார்ந்த நன்றி.

அந்தக் கடிதம் வத்தேகமவில் பைக்குள் விழுந்தது சனிக்கிழமை. பையைச் சுமந்து போனவன் சுந்தரலிங்கம்.

திங்கட்கிழமை பெரட்டில் கங்காணி, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க தொரை" என்று கையைக் கட்டிக்கொண்டார். சுந்தரலிங்கத்தை வேலையால் நிறுத்திப் பத்துச்சீட்டு. ஒரு மாதத்தில் லயக் காம்பராவைக் காலி பண்ணவேண்டும்.

அந்தக் கெடு முடிந்த கையோடு, சித்திரை ஞாயிறு காலை, திருகோணமலை வீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் புதிய மனேஜரைத் தெரிந்தெடுக்கச் சங்கம் கூடியது. ஹாஷிம் கடைசிக் கதிரையில் உட்கார்ந்தார். சுந்தரலிங்கமும் பெண்சாதி பாலம்மாவும் ஒரு தகரப் பெட்டியோடு கீழே வாசலில் நின்றார்கள். கமிட்டி தொரையோடு பேசும், வேலை திரும்பக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

தலைவர் ஹுஸைன் முதலாளி தகுதிகளை வாசித்தார். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியவேண்டும். மோட்டார் கார் வைத்திருப்பவரோடு பழக்கம் வேண்டும். பெரிய மனிதர்கள் முன்னால் நின்று பேசவேண்டும். ராஜலிங்கத்துக்கு மூன்றும் இருந்தன. அத்தாட்சியாக, தொரைக்கு எழுதிய கடிதத்தின் பிரதியை முதலாளி உரக்க வாசித்தார். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

ஹாஷிம் எழும்பினார்.

"ஒரு கேள்வி. சுந்தரலிங்கத்துட கங்காணிட பேர் என்ன?"

"அது எனக்கேன் தம்பி?" என்றார் ராஜலிங்கம். "நான் துரையோட நேரடியாக் கதைப்பன்."

"அங்க பெரட்டு எத்தன மணிக்கு?"

"பெரட்டெண்டா?"

"விடியச் சாமத்துல பேர் கூப்பிடுற எடம். அங்கதான் அவன்ட பேர வெட்டின. ஒங்கட காயிதத்தால."

சபை அசைந்தது. ராஜலிங்கத்தின் முகம் சிவந்துவிட்டது. அவர் கெட்டவர் அல்ல. தன் கடிதம் ஒரு குடியைக் கிளப்பியது அவருக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது.

"ஐயோ, நான் மரியாதையாத்தானே எழுதினனான்! அதில ஒரு பிழை காட்டும் பாப்பம்."

"ஒரு பிழையுமில்ல. அதான் தொரைக்கு நல்லா வெளங்கிச்சி."

"ஹாஷிம் தம்பி, கோவம் வேணாம்," என்றார் முதலாளி. "நீங்க என்ன செய்யச் சொல்றீங்க?"

ஹாஷிம் அதுவரை அந்தச் சபையில் இவ்வளவு பேசியதில்லை. "பந்தடிக்கிற பதினொரு பேரயும் கூப்பிடுங்க. ஒரு கரச்சல் வந்தா யார்ட கதவத் தட்டுவன்டு ஒவ்வொருத்தனாக் கேளுங்க. கூட ஆக்கள் யார்ட பேரச் சொல்றாங்களோ, அவர வைங்க. இங்கிலீசும் வேணாம், காரும் வேணாம்."

"இதென்ன கவுன்சில் எலெக்ஷனா?" முதலாளி சிரித்தார். "பந்தடிக்கிறவன் ஆளத் தெரிஞ்செடுக்கிறதுன்டா, நாங்க எதுக்கு இந்தக் கதிரையில ஈக்கிற?"

"அதத்தான் நானும் கேக்கிறேன்."

சிரிப்பு நின்றது. கை தூக்கச் சொன்னார்கள். ராஜலிங்கத்துக்கு ஒன்பது கை. ஹாஷிமின் கை மடியிலேயே கிடந்தது.

புதிய மனேஜர் அவர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டார். "தம்பி, வாப்பா கங்காணிமாரின்ர பேரெல்லாம் குறிச்சு வச்சிருப்பார். அந்தக் கொப்பியை ஒருக்காத் தாரும்."

"கொப்பி இல்ல. வாப்பாக்கு எழுதத் தெரியா."

கலையுமுன் சுந்தரலிங்கத்தின் விஷயத்தையும் எடுத்தார்கள். யார் மலைக்குப் போவது என்று முதலாளி கேட்டார். ஒருவருக்கு ஆஸ்துமா. ஒருவருக்குக் கடை. கடைசியில் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்: வருத்தம் தெரிவித்துத் தொரைக்கு இன்னொரு கடிதம்.

ஹாஷிம் படியிறங்கினார். சுந்தரலிங்கம் ஓடி வந்தான். ஹாஷிமை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் அவன் கூப்பிடுவான்.

"நானா, என்ன சொன்னாங்க? ஐயாமாரு வாராங்களா?"

"இன்னொரு காயிதம் போடுறாங்களாம்."

சுந்தரலிங்கம் மலைப் பக்கம் கையைக் காட்டினான். "நானா, அத யாரு சொமந்துக்கிட்டுப் போறது? நாந்தான் இங்க இருக்கேனே" என்றான். அவனே சிரித்தான். பாலம்மா சிரிக்கவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எழும்புங்க தங்கச்சி."

அவள் எழும்பினாள். ஹாஷிம் ரயில்வேத் தொப்பியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். குனிந்தார்.

"ஐயோ நானா, விடுங்க, நான் தூக்குறேன்!"

ஹாஷிம் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கட்டுக்கலையில் இருக்கும் தன் வீட்டை நோக்கி நடந்தார்.