மாடிப் போர்ஷனுக்கு வந்த இரண்டு பேர்

போன மாதம் கொடுமுடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு எதிரே மெல்போர்னிலிருந்து வந்திருந்த என் தம்பி மகன் தினேஷ். பத்து வருடமாக அங்கே இன்ஜினியர். ஊருக்கு வந்தால் எல்லோரும் அவனைச் சுற்றித்தான் உட்காருவார்கள்.

பேச்சு எப்படியோ அங்கே குடியேறியவர்கள் பக்கம் திரும்பியது.

"எங்க ஏரியாவுல குரோஷியாக்காரங்க நிறையங்க அத்தை. அந்தக் காலத்துல கையில ஒண்ணுமில்லாம கப்பல்ல வந்து எறங்குனவங்க. இன்னைக்குப் பாருங்க... சொந்த வீடு, கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி, பேரன் பேத்தியெல்லாம் டாக்டரு, வக்கீலு. அதே ஏரியாவுல சூடான்காரங்களும் இருக்காங்க. வாடகை வீடு, வேலை கிடைக்காத பசங்க. ரெண்டு கூட்டமும் கஷ்டப்பட்டு வந்ததுதானுங்க. ஒருத்தரு மேல வந்துட்டாங்க, இன்னொருத்தரு வரலை. ஏன்னு சொல்லுங்க?"

யாரும் சொல்வதற்குள் அவனே சொல்லிவிட்டான். "உழைப்புங்க. வேறென்ன?"

வரிசை முழுக்கத் தலையாட்டியது. ரசம் ஊற்ற வந்தவர் கூட ஒரு நிமிடம் நின்று தலையாட்டிவிட்டுப் போனார்.

எனக்கு மட்டும் தலை ஆடவில்லை. ஏனென்றால், அந்த இரண்டு நாட்டிலிருந்தும் ஒவ்வொருவர் என் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வந்திருக்கிறார்கள். மெல்போர்னில் அல்ல... கோயம்புத்தூர் வடவள்ளியில்!

ஒருவருக்கு வீடு கொடுத்தேன். இன்னொருவருக்குக் கொடுக்கவில்லை.

வாரா வாரம் இந்தப் பத்தியில் மற்றவர்களைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறேன். இந்த வாரம் என்னைப் பற்றி எழுதுகிறேன். படிக்க அவ்வளவு நன்றாக இருக்காது.

எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விடுவது வழக்கம். போன வருடம் அது காலியானபோது, எங்களுக்குப் பழக்கமான வீட்டு புரோக்கர் சாகுல் பாயிடம் சொல்லி வைத்தோம். கோட்டைமேட்டுக்காரர். அதிகம் பேசமாட்டார். இரண்டாவது நாளே ஒரு பெண்ணை அழைத்து வந்தார்.

பெயர் ஹிபா. முப்பத்தைந்து வயதிருக்கும். உடம்பைச் சுற்றி மெல்லிய நீளத் துணி, தலையையும் மூடியிருந்தது. கையைப் பிடித்தபடி ஏழு வயது மகள் ரீம். ஹிபா இங்கே ஒரு கல்லூரியில் சிறுதானியங்கள் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். கணவர் எகிப்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து அவளுடைய லேபுக்கு நடந்தே போய்விடலாம். குழந்தைக்கு ஸ்கூலும் அடுத்த தெருவில்.

"எந்த ஊர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"சூடான். கார்ட்டூம்."

நான் முப்பது வருடம் புவியியல் பாடம் எடுத்தவள். விடுவேனா? "நீல நைலும் வெள்ளை நைலும் சேருகிற இடம்!" என்றேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "ஆமாம். எங்கள் வீடு அங்கிருந்து பத்து நிமிடத்தில் இருந்தது."

*இருந்தது* என்றாள். நைலைக் கரைத்துக் குடித்திருந்த எனக்கு அந்த ஒரு சொல் காதில் விழவில்லை. அங்கே சண்டை தொடங்கி, அவள் அம்மா வீட்டையே விட்டு ஓடியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாடியைச் சுற்றிப் பார்த்தாள். பிடித்திருந்தது. நான் உள்ளே போய் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எதுக்கு அம்மணி வம்பு? நமக்கு என்ன தெரியும் அவங்களைப் பத்தி? வேற யாராச்சும் வருவாங்க."

பழியை அவர் மேல் போட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவர் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் நான் உள்ளேயே போனேன்.

வெளிநாட்டுக்காரர் தங்கினால் வீட்டுக்காரர் அரசாங்கத்துக்குப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு ஃபாரம் உண்டு. அது எனக்கு வசதியான சாக்காகக் கிடைத்தது. வெளியே வந்து ஹிபாவிடம் சொன்னேன்:

"தப்பா நினைக்காதேம்மா. இந்த ஃபாரம், போலீஸ் ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லை. வயசாகிவிட்டது. அலைய முடியாது..."

ஹிபா தோள்பையின் ஜிப்பைத் திறந்தாள். உள்ளே கை போனது. அப்படியே ஒரு நொடி நின்றது. பிறகு ஜிப்பை மூடிவிட்டு, "பரவாயில்லை மேடம். நன்றி" என்றாள். ரீம் மட்டும் கேட்டைத் தாண்டும் வரை மாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

பத்து நாள் கழித்து அதே சாகுல் பாய் இன்னொருவரை அழைத்து வந்தார். மார்க்கோ. குரோஷியா. காரமடைப் பக்கம் ஒரு மில்லில் புது மெஷின்களை நிறுவ வந்த இன்ஜினியர். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் சிவந்த மூக்கு. என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். "காபி குடிக்கச் சொல்லு அம்மணி!"

குரோஷியா பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாது. நதி சேரும் இடம் கூடத் தெரியாது. வீடு கொடுத்துவிட்டோம்.

அந்த ஃபாரம்? சாகுல் பாய் தன் போனிலேயே திறந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு நிரப்பினார். நான் எழுந்து போய் மூன்று டம்ளர் காபி போட்டுக் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

"பேரு சரியா இருக்குதுங்களான்னு ஒருக்கா பாத்துப் போடுங்க டீச்சர்" என்று போனை நீட்டினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அன்னைக்கு வந்த அந்தப் பொண்ணுக்கும் இதே ஃபாரம்தானுங்க."

நான் டம்ளர்களை எடுக்கக் குனிந்தேன்.

"உங்களை ஒண்ணும் சொல்லலைங்க. எங்காளுங்க இந்தப் பக்கம் வீடு கேட்டாலும் இப்படித்தானுங்க. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மருவாதியாத்தான் பேசுவாங்க. ஆளுக்கொரு காரணம் வெச்சிருப்பாங்க."

மரியாதை... எங்கள் ஊரின் பெருமையே அதுதானே? வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் நாங்கள் கதவைச் சாத்துகிறோம்.

மார்க்கோ நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே வந்து காபி குடிப்பார். கிளம்பும்போது, கற்றுக்கொண்ட ஒரே தமிழில் "வாரேனுங்க" என்பார். ஒருநாள் என் தம்பி மகன் மெல்போர்னில் இருப்பதைச் சொன்னேன். அங்கே தன் பெரியப்பாவும் இருக்கிறார் என்றார்.

அந்தப் பெரியப்பா அறுபது வருடத்துக்கு முன்னால், இளம் வயதில் கப்பலேறிப் போனவர். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது. வீடு கேட்டுப் போனால் பெயரைக் கேட்டதுமே கதவை மூடுவார்களாம். ஆறு பேர் ஒரே அறையில் படுத்திருக்கிறார்கள். பிறகு கார் ஃபாக்டரி வேலை, சொந்த வீடு, மகனுக்கு பிசினஸ்.

"இப்போது அதே தெருவுக்கு சூடான்காரர்கள் வந்திருக்கிறார்கள்" என்றார் மார்க்கோ. "பெரியப்பாவுக்கு அவர்களைப் பிடிக்காது. 'நாங்கள் உழைத்தோம், இவர்கள் உழைப்பதில்லை' என்பார். போன தடவை போனபோது கேட்டேன்: 'கப்பலை விட்டு இறங்கி எத்தனை நாளில் உங்களுக்கு வேலை கிடைத்தது?' 'அதே வாரத்தில்' என்றார். 'ஆங்கிலம் தெரியாமலா?' 'ஃபாக்டரியில் கைதான் வேண்டும், வாய் எதற்கு?' என்றார். 'அந்த ஃபாக்டரி இப்போது எங்கே?' என்று கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"கோபித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அந்த ஃபாக்டரியை மூடி வருஷக்கணக்காகிவிட்டது." மார்க்கோ சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மாடியில் குடியிருக்கும் மனிதரிடம், இந்த வீடு உங்களுக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா என்று எப்படிச் சொல்வேன்?

என் அப்பா நினைவு வந்தது. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம் எங்களுடையது. எத்தனை தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டுக்கு வந்தோம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அப்பா ஆறாவதோடு படிப்பை விட்டவர். கிராமத்திலிருந்து கோயம்புத்தூர் வந்த மறுநாளே மில்லில் சேர்த்துக்கொண்டார்கள். குடியிருக்க, மில்லுக்குச் சொந்தமான லைன் வீடும் கொடுத்தார்கள். நான் டீச்சரானேன், தம்பி ஆபீசரானான், தம்பி மகன் மெல்போர்ன் போனான். அப்பா உழைத்தார்தான். ராத்திரி பகலாக உழைத்தார். ஆனால், உழைப்பதற்கு உள்ளே விட்டார்களே... அந்த மில்லும் இன்று இல்லை.

இதையெல்லாம் பந்தியில் தினேஷிடம் சொன்னேனா? இல்லை. பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். ஆனால், கை கழுவிய ஈரத்தோடேயே சாகுல் பாய்க்கு போன் போட்டேன். மார்க்கோ வேலை முடிந்து ஊருக்குப் போய் இரண்டு வாரமாகியிருந்தது. மாடி காலி.

"ஏனுங்க பாய், அந்த ஹிபா இப்ப எங்க இருக்காங்க?"

"மதுக்கரைங்க டீச்சர். கூட்டிட்டுப் போறனுங்க" என்றார்.

மறுநாள் போனோம். சிமென்ட் ஃபாக்டரி இருக்கும் ஊர். வரிசையாக ஓட்டு வீடுகள். அதில் ஒன்றில் ஒரே அறையும் சமையல் மேடையும். கதவைத் திறந்தது ரீம். ஒரு வருடத்தில் நன்றாக உயர்ந்திருந்தாள்.

"உள்ள வாங்க, உக்காருங்க. அம்மா துணி காயப்போட்டுட்டு இருக்காங்க. இப்ப வந்துருவாங்க" என்றாள். அசல் மதுக்கரைத் தமிழ்!

ஹிபா வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். பிறகு டீ போட்டுக் கொடுத்தாள். நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "அன்றைக்கு நான் பொய் சொன்னேன். ஃபாரம் ஒரு பிரச்சனையே இல்லை. பயந்தேன். எதற்குப் பயந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை."

"எனக்கு அன்றைக்கே தெரியும் மேடம்" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "அந்த ஃபாரத்தை நான் பிரிண்ட் எடுத்து நிரப்பிக் கையோடு கொண்டு வந்திருந்தேன். பைக்குள்தான் இருந்தது. எடுக்கலாம் என்றுதான் கையை விட்டேன். எடுத்தால் நீங்கள் வேறொரு காரணம் தேட வேண்டியிருக்குமே... குழந்தை பக்கத்தில் இருந்தாள். அதனால் விட்டுவிட்டேன்."

அந்த டீயை எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

வடவள்ளியைச் சுற்றி அவளுக்கு வீடே கிடைக்கவில்லை. மதுக்கரையிலிருந்து லேபுக்கு இரண்டு பஸ். அதிகாலையில் வயலில் எடுக்க வேண்டிய பயிர் அளவுகளை, குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு அவளால் போய் எடுக்க முடியவில்லை. ஒரு பருவம் வீணானது. இந்த வருடம் முடிய வேண்டிய ஆராய்ச்சி அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. வருத்தப்பட்டு அவள் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

ஏதோ ஒரு நாட்டு மக்கள் ஏன் பின்தங்கினார்கள் என்று நாளைக்கு யாராவது கட்டுரை எழுதலாம். காரணங்களைப் பட்டியல் போடலாம். படிப்பு, மொழி, போர், வேலையின்மை... அந்தப் பட்டியலில் என் பெயர் இருக்காது. இருந்திருக்க வேண்டும்.

"மாடி காலியாக இருக்கிறது. வந்துவிடம்மா" என்றேன்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். மூன்று நாள் கழித்து போன் வந்தது.

"நாங்கள் வரவில்லை மேடம். ரீமுக்கு இங்கே சிநேகிதிகள் கிடைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா, நான் வரும்வரை இவளைத் தன் பிள்ளைகளோடு உட்கார வைத்துச் சோறு போடுகிறார். இன்னொரு முறை இவளைப் பிடுங்கி நட எனக்கு மனசில்லை."

நான் செய்ததைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது. அதையும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, இந்த வயதில்.

போனை வைக்கப் போனேன். "ஒரு நிமிடம் மேடம்" என்றாள் ஹிபா. "எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி புதிதாக வந்திருக்கிறாள். அமல் என்று பெயர். இரண்டு குழந்தைகள். அவளுக்கும் வீடு கிடைக்கவில்லை. அனுப்பட்டுமா?"

"அனுப்பும்மா" என்றேன். உள்ளே போய் யாரிடமும் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அமல் வந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் இரண்டு பெட்டிகளையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். பிறகு அவராகவே, மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது, சிறுவாணித் தண்ணீர் எந்தெந்த நாளில் வரும் என்று சைகையில் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அம்மா கேட்டுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க டீச்சர், மாடிக்குப் புதுசா வந்திருக்கறாங்களே... எப்படிங்க அவங்க?"

"நேத்துத்தானுங்க வந்தாங்க" என்றேன். "ஒரு அறுவது வருசம் போகட்டுங்க. அப்புறம் வந்து கேளுங்க."