கப்பலைத் தவறவிட ஊர் பார்த்தவர்

ஓர் ஊரை ஒருவர் மிக நிதானமாகச் சுற்றிப் பார்த்தால் அதற்கு ரசனை மட்டுமே காரணமாக இருக்க முடியும் என்று, கொச்சியில் அந்த ஒரு நாளைக் கழிக்கும்வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையை என் மாமனார் மதியத்துக்குள் முடித்துவைத்தார்.

மாமாவும் அத்தையும் கோலார் தங்கவயல்காரர்கள். மாமா முப்பது வருடத்துக்கு மேல் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். சுரங்கம் மூடப்பட்டபின் இருவரும் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தார்கள். அத்தைக்கு அப்போது ஒரே ஓர் ஆசை பாக்கி இருந்தது. கப்பலில் போக வேண்டும். அந்த ஆசையை மூட்டியது கடல் அல்ல, தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வரிசையில் அடுத்த கதவில் இருந்த பெண்மணி. அவர் அந்தமானில் வேலை பார்த்த மகனிடம் கப்பலில் போய்வந்தவர். போய்வந்தது ஒரு முறை, சொன்னது பல வருடம். குழாயடியிலும் ஜெபக்கூட்டத்திலும், சாவு வீட்டில்கூட, "கப்பல்ல நாங்க போறப்போ" என்று அவர் தொடங்கிவிட்டால், பதிலுக்குச் சொல்ல அத்தையிடம் எதுவும் இருக்காது. அத்தை யாரிடமும் தோற்றுப் பழக்கமில்லாதவர். இந்த ஒன்றில் மட்டும் தோற்றிருந்தார்.

என் கணவர் லட்சத்தீவுக்குப் போகும் சுற்றுலாக் கப்பலில் நான்கு பேருக்கு இடம் பிடித்தார். அந்தத் தீவுகளுக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது. அதற்காகக் காவல் நிலையத்துக்கும் அலுவலகத்துக்குமாக அவர் பல நாள் அலைந்தார். கடைசி வாரத்தில் அவருடைய மென்பொருள் நிறுவனத்தின் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஏதோ நெருக்கடி வந்து அவர் நின்றுகொண்டார். மாமா, அத்தை, நான் என்று மூவர் மீந்தோம்.

அப்போதுதான் மாமா, தான் கப்பலில் ஏறப்போவதில்லை என்று சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். நாங்கள் சிரித்தோம். மைல்கணக்கில் பூமிக்குள் இறங்கிய மனிதர் தண்ணீருக்குப் பயப்படுவார் என்று யார் நினைப்பார்கள்?

"அது வேறம்மா," என்றார் என்னிடம், பொறுமையாக. "சொரங்கத்துல சுத்தி பாறை கீது. பாறை எங்கியும் போவாது. தண்ணி நிக்கவே நிக்காது. அதும்மேல ஒரு இரும்புப் பொட்டி. அதுல தூங்கணுமாம் வேற."

"இவரு வரலன்னா நானும் போவல," என்றார் அத்தை. "தனியா போனா அது டூரா? ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி இருக்கும்."

ஆகவே பயணம் முழுவதும் மாமாவின் கால்களை நம்பி நின்றது. கிளம்பும் நாளில் அவரே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கன்டோன்மென்ட் நிலையத்தில் இரவு ரயில் ஏறினார், புளிசாதம் சாப்பிட்டார், கீழ்ப்படுக்கையில் தூங்கினார். பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். நூலகத்திலிருந்து எடுத்துவந்த வழிகாட்டிப் புத்தகத்தை மேல்படுக்கையில் விரித்து, கப்பலுக்குமுன் கிடைக்கும் அரை நாளுக்குத் திட்டம் வகுத்தேன். கோட்டைக் கொச்சியில் சீன வலைகள், பழைய தேவாலயம், பிறகு மட்டாஞ்சேரி அரண்மனை. மூன்று மணிக்குள் வில்லிங்டன் தீவில் துறைமுக வாசலில் இருக்க வேண்டும்.

எர்ணாகுளத்திலிருந்து கோட்டைக் கொச்சிக்குப் படகு விடுகிறார்கள். அதில் போனால் மாமாவுக்கு ஓர் ஒத்திகை ஆகுமே என்று எனக்குள் கணக்கு. படகுத் துறைக்கு வழி கேட்க நான் வாயெடுப்பதற்குள் அவர் நாள் முழுவதற்குமாக ஓர் ஆட்டோவைப் பேசி முடித்து, பைகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டிருந்தார். பாலம் வழியாகவே போகலாமாம், காற்றோட்டமாக இருக்குமாம். வில்லிங்டன் தீவைக் கடக்கும்போது மரங்களுக்கு இடையில் வெள்ளையாக ஒரு கப்பல் தெரிந்தது. "அதுதான், அதுதான்!" என்று அத்தை இருக்கையிலிருந்து எழ முயன்றார். மாமா அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்துக் கிடங்குச் சுவர்களை ஊன்றிக் கவனித்தார்.

சீன வலையருகே அவர் மலர்ந்தார். பெரிய மரச் சட்டங்களில் தொங்கும் வலையை, கயிற்றில் கட்டிய கற்களின் எடையால் நான்கைந்து பேர் தண்ணீருக்குள் இறக்கி ஏற்றுவதைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் கயிற்றைப் பிடித்து இழுத்தார். வலையில் கைப்பிடி அளவு மீனும் ஒரு நண்டும் பிளாஸ்டிக் பை ஒன்றும் வந்தன. "இன்னொரு வாட்டி எறக்கலாம்," என்றார். பிறகு இன்னொரு வாட்டி. மீனவர்கள் அவருக்குப் பாலில்லாத கட்டன்சாயா வாங்கிக் கொடுத்தார்கள். நண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அத்தையைப் பார்த்து, "கரையிலயே இவ்ளோ கீது பார், நடுக்கடலுக்கு எதுக்குப் போவணும்?" என்று கேட்டார்.

"அந்த நண்டை விடுங்க. அதுக்கு வேலை இருக்கும்," என்றார் அத்தை.

தேவாலயத்தில் நிலைமை முற்றியது. கடல்வழி தேடி வந்த போர்த்துகீசியத் தளபதி ஒருவரை முதலில் புதைத்த இடம் அதற்குள் இருக்கிறது. நான் அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். மாமா அந்த இடத்தின் முன்னால் நெடுநேரம் நின்று, தலையை ஆட்டினார்.

"கப்பல்ல வந்தவரு," என்றார். "வந்து இன்னா ஆச்சு?"

"சாமி வீட்டுல வம்பு பேசாதீங்க," என்றார் அத்தை.

அதன்பின் மாமா சுவர்களில் பதித்திருந்த கல்லறைக் கற்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். கற்களில் இருந்தது டச்சும் போர்த்துகீசியமும். மாமாவுக்குத் தமிழும் கன்னடமும் கொஞ்சம் தெலுங்கும் தெரியும். ஆனாலும் ஒரு வரியைக்கூட விடாமல், இடமிருந்து வலமாக, விரலை ஓட்டி வாசித்தார். எனக்கு நெகிழ்ச்சியாகிவிட்டது என்பதை மறைப்பானேன். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இவருக்குள் ஒரு சரித்திர மாணவர் ஒளிந்திருந்ததை நாம் அறியவில்லையே என்று வருந்தி, மேலே தொங்கிய பழைய துணி விசிறிகளைப் பற்றியும் விளக்கினேன். அவர் ஒவ்வொரு விசிறியையும் தனித்தனியாக அண்ணாந்து பார்த்தார்.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தினார். "எந்தா சேட்டா, கப்பல் பிடிக்கண்டே?"

"பேஜாரு பண்ணாதப்பா. கப்பல் எங்க ஓடிடப் போவுது?"

"ஓடும் சேட்டா. அதல்லே அதிண்டே ஜோலி."

மட்டாஞ்சேரி அரண்மனையில் சுவர் முழுக்க ஓவியம். நான் ஓர் அறையைப் பார்த்து முடித்து, அடுத்த அறையையும் முடித்துத் திரும்பிவந்தேன். மாமா நாங்கள் நுழைந்த முதல் அறையிலேயே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு சுவரின் முன்னால் அசையாமல் நின்றிருந்தார். அருகே போய் அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். அந்தச் சுவரில் ஓவியமே இல்லை. வெறும் சுண்ணாம்பு.

"மாமா, இதுல என்ன பாக்கறீங்க?"

அவர் திடுக்கிடவில்லை. "சொவத்த நல்லா பூசிக்கீறாம்மா," என்றார்.

நான் மெதுவாக வெளியே வந்தேன். படிக்கட்டில் அத்தை உட்கார்ந்து, இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய வெள்ளைக் கான்வாஸ் ஷூக்களைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டிருந்தார். புடவைக்குக் கீழே அந்த ஷூக்கள் பாதிரியாரின் பிள்ளைகளைப்போல ஒழுங்காக இருந்தன.

"அத்தை, மாமா வேணும்னே நேரம் கடத்தறாரு."

"இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றார் அத்தை. "ரயில்லியே எனக்குத் தெரியும். 'கொச்சியில பாக்கறதுக்கு இன்னா இன்னா கீது'ன்னு கேட்டாரு பார், அப்பவே. கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு பொருட்காட்சிக்குக் கூப்ட்டா வராத மனுசன்."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருக்கீங்க?"

"பாக்கட்டுமே. எவ்ளோ நேரம் பாப்பாரு? கண்ணு வலிக்காதா?"

கண் வலிக்கவில்லை. அரண்மனைக்கு அடுத்த தெருவின் மசாலாக் கடை ஒன்றில் மிளகை மூக்கருகே கொண்டுபோய், பட்டையை ஒடித்து, கிராம்பைக் கடித்து, சுக்கில் ஏழெட்டு விதம் உண்டா என்று விசாரித்தார். கடைக்காரர் மகிழ்ந்துபோய் உள்ளறையிலிருந்து புதிய மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். மாமா அந்த மூட்டையின் அடி வரைக்கும் கையை விட்டார். ஆட்டோக்காரருக்கு அதற்குமேல் தாளவில்லை. கடைக்குள் வந்து, மாமாவின் முழங்கையைப் பிடித்து, சொந்தத் தகப்பனைப்போல நடத்திக் கூட்டிவந்து வண்டியில் ஏற்றினார். எங்கள் கப்பல் எங்களைவிட அவருக்குத்தான் முக்கியமாகிவிட்டிருந்தது. வழியெல்லாம் ஹாரனை அழுத்தியபடி பாலத்தைக் கடந்து துறைமுக வாசலில் நிறுத்தியபோது, வரிசையில் கடைசியாகச் சிலர் மட்டுமே நின்றிருந்தார்கள்.

மாமா இறங்கினார். கப்பலைப் பார்த்தார். நாள் முழுவதும் எல்லாவற்றையும் அத்தனை நேரம் பார்த்தவர், அதை மட்டும் ஒரு நொடிதான் பார்த்தார். அவர் முகத்தில் வியர்வை அரும்பியிருந்தது. விளையாட்டு அங்கே முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க," என்றார். "எனக்கு இந்த ஊரு புடிச்சிக்கிச்சு. ரூம்பு ஒண்ணு எடுத்துக்கறேன்."

அத்தை சண்டை போடுவார் என்று நான் நினைத்தேன். அவர் பையைக் கீழே வைத்தார். மீதிப் புளிசாதம் இருந்த டிபன் டப்பாவை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தார். அதன்மேல் இரத்த அழுத்த மாத்திரைகளையும், அதன்மேல் துண்டையும் வைத்தார்.

"சரி, இருங்க."

"இன்னாமே, இருன்னா?"

"இருங்கன்னுதான் சொன்னேன். நான் போறேன். மூணு நாளு." அத்தை பையின் வாயை மூடினார். "சொரங்கத்துல பாறை வெடிச்சா லைன் வீட்டுல பாத்திரமெல்லாம் குலுங்கும். பொம்பளைங்க எல்லாரும் சொரங்கத்து கேட்டுக்கு ஓடுவோம். அங்க போயி இன்னா பண்ணணும்னு உங்களுக்குத் தெரியாதில்ல? நீங்க உள்ள கீற ஆளு. நான் சொல்றேன். ஒண்ணும் கஷ்டமில்ல. வெளிய வர்றவன் மூஞ்சியப் பாக்கணும். நம்ம ஆளு இல்லன்னா அடுத்த மூஞ்சியப் பாக்கணும். அவ்ளோதான். இந்தக் கப்பல் திரும்பி வர்றப்போ நீங்க அப்படி நில்லுங்க."

அதைச் சொன்னபோது அத்தையின் குரலில் கோபம் இல்லை. அடுப்பில் பால் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல இருந்தது. சொல்லிவிட்டு அவர் வாசலைத் தாண்டி நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். என்ன செய்வதென்று தெரியாதபோது அத்தையைப் பின்தொடர்வது எங்கள் வீட்டு வழக்கம்.

உள்ளே ஒரு கொட்டகையில் பைகளைச் சோதித்தார்கள். நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். கம்பி வேலிக்கு வெளியே மாமா டிபன் டப்பாவோடு நின்றிருந்தார். பக்கத்தில் ஆட்டோக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், மாமா கேட்கவில்லை. வேலிக்கு உள்ளே போகும் ஒவ்வொருவர் முகத்தையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை ஒரு முறையும் திரும்பவில்லை. அனுமதிச் சீட்டை மட்டும் மடித்து, விரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அப்போது துறைமுகத்தில் எங்கோ ஒரு சங்கு ஊதியது. எங்கள் கப்பலுடையதுகூட இல்லை.

அடுத்த நிமிடம் வாசலில் காவலரோடு வாக்குவாதம். "என் சம்சாரம் உள்ள கீது! உள்ள கீதுன்றேன்!" தன்னுடைய அனுமதிச் சீட்டு என் கைப்பையில் இருப்பதை அவர் மறந்துவிட்டார். நான் ஓடிப்போய்க் காட்டி அழைத்துவந்தேன். மூச்சு வாங்க அத்தையின் முன்னால் வந்து நின்றார். எதற்கு வந்தார் என்று அவரே யோசித்ததுபோல் தோன்றியது.

"புளிசாதத்துக்குத் தொட்டுக்க ஊறுகா வைக்கல நீ," என்றார்.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என் பையில கீது. வாங்க," என்றார்.

ஏணிப்படியில் ஒவ்வொரு பலகையையும் காலால் தட்டிப் பார்த்தபின்பே மாமா ஏறினார். அறைக்குள் போனதும் முதல் வேலையாக மிதவைச் சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கும் அதோடேயே வந்தார். அந்த ஆரஞ்சு நிறச் சட்டையில் அவர் ரசம் குடித்ததைக் கப்பல் முழுவதும் பார்த்தது. அத்தை அன்றைக்கு யாரையும் கண்டிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மூவரும் மேல்தளத்துக்குப் போனோம். மாமா கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கண்களை இறுக மூடியிருந்தார்.

"தொறந்து பாருங்களேன்," என்றார் அத்தை.

"நீ பாத்து சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

அத்தை ஒரு கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மற்றொரு கையை அவருடைய மிதவைச் சட்டையின் வாரில் மாட்டிக்கொண்டார். பிறகு சொல்லத் தொடங்கினார். "இந்தப் பக்கம் நீலமா கீது. அந்தப் பக்கம் கொஞ்சம் பச்சை. நேரா எதுத்தாப்ல வெய்யில் வுழுந்து தகதகன்னு... இருங்க, ஒரு மீனு தாவுது. தாவிடுச்சு. போயிடுச்சு."

"பெருசா?" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமல்.